சின்ன நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன்: தோட்டத்து வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

செம்பனை நிழல்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருக்கிறோம். நாய் பொமரேனியன் கலப்பு. பெண், பத்து மாதம், 4 கிலோ. முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து பத்து வாரம் ஆகிறது. கருத்தடை ஆபரேஷனுக்கு ஈப்போவில் நாள் வாங்கியாச்சு, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. "முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குள் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும், திரும்பி வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்? கொண்டுபோய்க் கொண்டுவர மோட்டார்தான் இருக்கிறது. பகலில் பாட்டி வீட்டில் இருப்பார்.

மழைக்காலப்பூ

தம்பி, ஆறு வாரம் இருக்கும்போதே கேட்டது நல்லது. பெரும்பாலானோர் முதல் நாள் மாலையில்தான் கேட்பார்கள்.

நாள் பொருத்தம் சரியாகவே இருக்கிறது. ஹீட் நடக்கும்போதும் அது முடிந்த கையோடும் கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும், சதை சுலபமாகக் கிழியும், ரத்தம் கூடுதலாகப் போகும். அதனால்தான் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் தள்ளி நாள் கொடுப்பார்கள். இடையில் ஒன்றைப் பாருங்கள்: முலை வீங்கியிருக்கிறதா, அழுத்தினால் பால் கசிகிறதா, பொம்மையையோ செருப்பையோ குட்டி மாதிரி தூக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுக்கிறதா? இருந்தால் அது பொய்ச்சினை. அந்த நேரத்தில் அறுத்தால் பால் சுரப்பது நிற்காமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகலாம். டாக்டரிடம் சொல்லி நாளைத் தள்ளிப் போடுங்கள். அடிக்கடி முலையை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், அதுவே பாலைத் தூண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். தோட்டப்புற நாய்க்கு மயக்க மருந்தைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் முதலில் கவலைப்பட வேண்டியது ரத்தம் உறைகிறதா என்பதைப் பற்றி. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, அனப்ளாஸ்மா, பபேசியா மூன்றுமே நம் நாட்டு நாய்களிடம் இருக்கின்றன. எர்லிக்கியா பிளேட்லெட்டை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை, குறைக்கும். பிளேட்லெட் குறைந்த நாயின் வயிற்றைத் திறந்தால், சரியாகக் கட்டிய இடத்திலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

4 கிலோ நாயின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 340 மில்லி ரத்தம்தான் ஓடுகிறது. ஒரு 100பிளஸ் குளிர்பான டின் அளவு. பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் கசிவை இது தாங்காது.

ஆகவே இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப் போய் இரண்டு பரிசோதனை கேளுங்கள். ஒன்று முழு ரத்த எண்ணிக்கை. மற்றது உண்ணி நோய்க்கான துரித டெஸ்ட். ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டுப் பார்ப்பது. பிளேட்லெட் 200,000க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைவாகக் காட்டினால் உடனே கலங்க வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் மெஷின் குறைத்து எண்ணும். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் முடிவு.

உண்மையிலேயே குறைந்து நோயும் இருந்தால், டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். ஆறு வாரத்தில் அதை முடித்து மறுபடி எண்ணிப் பார்க்கவும் நேரம் இருக்கிறது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, பின்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகிவிடும்.

பால்மரம்

பத்து மாதக் குட்டி, துள்ளி விளையாடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. அதற்கு எதற்கு ரத்தப் பரிசோதனை? ஆபரேஷனுக்கே காசு சேர்க்க வேண்டிய வீடு. இளம் நாய்க்கு இதெல்லாம் கட்டாயம் இல்லை என்று பல டாக்டர்களே சொல்கிறார்கள்.

மழைக்காலப்பூ

ஐயா, பட்டணத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்கிற, மாதாமாதம் உண்ணி மருந்து போடுகிற இளம் நாய்க்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். தோட்டத்தில் அப்படி இல்லை. எர்லிக்கியாவில் காய்ச்சல், சோர்வு எல்லாம் முதல் சில வாரத்தில் வந்து தானாகவே போய்விடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சில நாய்க்கு வருடக்கணக்கில், வெளியே ஒன்றுமே தெரியாது. துள்ளி விளையாடும். பிளேட்லெட் மட்டும் உள்ளே குறைந்திருக்கும். வயிற்றில், தொடையின் உட்புறத்தில் மூட்டைப்பூச்சி கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு, இவற்றைத் தேடிப் பாருங்கள். இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

காசு குறைவாக இருந்தால் எண்ணிக்கையை மட்டுமாவது எடுங்கள். துரித டெஸ்ட் பழைய நோயையும் காட்டும். சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதம் பாசிட்டிவ் என்றே வரும். ஆபரேஷனுக்குப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது எண்ணிக்கைதான்.

உண்ணியை ஒழிப்பதையும் இப்போதே தொடங்குங்கள். கடையில் வாங்கிக் கரைத்து ஊற்றும் அமிட்ராஸ் உண்ணி மருந்தை ஆபரேஷன் நெருங்கும்போது தொடவே வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், மயக்க மருந்தோடு சேர்ந்தால் இன்னும் இறங்கும். எப்போதோ குளிப்பாட்டியிருந்தால் தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். தோட்டத்துப் பூச்சி மருந்தை நாய்மேல் ஊற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், எந்த நாளிலும் கூடாது. வாயில் கொடுக்கும் மாத்திரை அல்லது கழுத்தில் சொட்டும் மருந்தைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மாத்திரை கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள். தடுப்பூசி பாக்கி இருந்தாலும் அதே இரண்டு வாரக் கணக்கு.

நாலுகால் துணை

அக்கா சொன்னதோடு இன்னொன்று. செம்பனைத் தோட்டம் என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும்: எலி மருந்து.

மரத்தடியில் போடும் மெழுகுக் கட்டிகளில் பெரும்பாலானவை ரத்தம் உறையாமல் செய்யும் விஷம். உறைவதற்குத் தேவையான சில பொருள்களை ஈரல் வைட்டமின் கே கொண்டுதான் செய்கிறது. இந்த விஷம் அந்த வைட்டமினை மறுபடி பயன்பட விடாமல் தடுக்கும். நாய் கட்டியைத் தின்னலாம், விஷம் தின்று செத்த எலியைத் தின்னலாம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. உடம்பில் இருக்கிற பழைய இருப்பு தீர்ந்த பிறகு, பொதுவாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், ரத்தப்போக்கு தொடங்கும். அந்த இடைவெளியில் மேசைமேல் ஏற்றினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை இதைக் காட்டாது. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் தனிப் பரிசோதனை வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் போடுகிறார்களா? நாய் அவிழ்த்துவிட்டுத் திரிகிறதா?

செம்பனை நிழல்

போடுகிறார்கள் அண்ணே, சிவப்புக் கட்டி. அது வாயில் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் காலையும் மாலையும் அவிழ்த்துத்தான் விடுகிறோம். எலி பிடிக்கும் பழக்கமும் உண்டு.

நாலுகால் துணை

அப்படியானால் இன்றிலிருந்தே கட்டி வையுங்கள். கூட்டிப் போனால் கயிற்றோடு மட்டும். எலி பிடிக்கிற நாய் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உறைவுப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடுவார். மண்டோரிடம் (தோட்டக் கங்காணியிடம்) கேட்டு அந்த மருந்துப் பெட்டியின் பெயரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வகையா, புதிய வகையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை நாள் மாறும். புதிய வகைக்கு வைட்டமின் கே1 மாத்திரை மூன்று நான்கு வாரம் கூடக் கொடுக்க நேரும். கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதித்த பிறகுதான் நிறுத்துவார்கள். மருந்தகத்தில் கிடைக்கிற வைட்டமின் மாத்திரையை வாங்கி நீங்களே கொடுத்துச் சரிசெய்துவிட முடியாது.

கட்டிப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் அடைத்து வைக்க வேண்டும். அப்போது முதல் தடவையாகக் கூண்டைப் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கத்தி, உள்ளேயே குதித்து, தையலை இழுத்துக்கொள்ளும். இப்போதே தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூண்டுக்குள் கொடுங்கள். கதவை முதலில் திறந்தே வையுங்கள், பிறகு பத்து நிமிஷம் சாத்துங்கள், பிறகு ஒரு மணி நேரம். நின்றால் தலை இடிக்காமல், திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய கூண்டு குதிக்கத்தான் உதவும்.

பால்மரம்

சாப்பாடு விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு நிறுத்த வேண்டும். தண்ணீரையும் ராத்திரியே எடுத்துவிட வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மழைக்காலப்பூ

வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்மைதான் ஐயா, அதற்காகத்தான் பட்டினி போடுவதே. ஆனால் நீண்ட பட்டினி அந்த ஆபத்தைக் குறைப்பதில்லை. வயிறு வெகுநேரம் காலியாக இருந்தால் அமிலம் கூடி மேலே ஏறுகிறது, தொண்டைக் குழாய் வெந்துபோகிறது. சின்ன நாய்க்கு இன்னொரு பிரச்சினை: கையிருப்புச் சர்க்கரை குறைவு. பதினான்கு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை இறங்கி நடுங்கத் தொடங்கும், மயக்கம் தெளியவும் நேரமாகும். இப்போது ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு ஆறு மணி நேரம், சில இடங்களில் நான்கு மணி நேரமே போதும் என்கிறார்கள். 2 கிலோவுக்குக் கீழே இருக்கிற குட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான். தண்ணீரைக் கிளம்பும் வரைக்கும் வைத்திருக்கலாம்.

தம்பி, கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் நாயை எத்தனை மணிக்கு மேசைக்கு எடுப்பீர்கள்?" என்பது. காலை ஒன்பதரைக்கு என்றால் ராத்திரி பத்தரைக்குக் கடைசியாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் சரி. மதியம் இரண்டு மணிக்கு என்றால் விடிகாலையில் ஒரு கைப்பிடி கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். 4 கிலோ நாய், முதல் ஆளாக எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். பல இடங்களில் சின்ன நாயை முதலில் எடுப்பார்கள்.

நிறுத்தச் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு பிஸ்கட் போட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாளை மாற்றுவார்கள், அவ்வளவுதான். லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரொட்டி போடும் வழக்கம் இருந்தால் அன்று காலை கதவைச் சாத்தியே வையுங்கள்.

செம்பனை நிழல்

நன்றி அக்கா. கிளினிக்கில் வேறு என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? மோட்டாரில் கொண்டுபோவதில் தப்பு இருக்கிறதா?

நாலுகால் துணை

சொன்ன விலையில் எதெல்லாம் அடக்கம் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை, கையில் டிரிப் ஊசி, வலி மருந்து, கோன் (காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு), தையல் பிரிப்பது. இவற்றில் நான்கு விடுபட்ட இடம் பார்வைக்கு மலிவாகத்தான் தெரியும். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா, நாடியையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் உண்டா, உடம்புச் சூடு இறங்காமல் இருக்க என்ன வைப்பார்கள் என்றும் கேளுங்கள். சின்ன நாய்க்கு மூன்றாவது கேள்விதான் பெரியது. வயிற்றை மழித்து, ஸ்பிரிட் துடைத்து, குளிர்சாதன அறையில் படுக்க வைத்தால் சூடு மளமளவென்று இறங்கும். கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

பொமரேனியன் கலப்பு என்பதால் வாயைத் திறந்து பாருங்கள். மேல் கோரைப்பல் இரட்டையாக இருந்தால் ஒன்று விழாத பால்பல். அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம், இன்னொரு தடவை மயக்க மருந்து வேண்டாம். தொப்புளில் சின்னப் புடைப்பு இருந்தால் அதையும் அன்றே தைத்துவிடுவார்கள். கயிற்றை இழுக்கும்போது வாத்து கத்துகிற மாதிரி இருமுகிறதா? மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்புப் பட்டைக்கு மாற்றுங்கள்.

போகும்போது மோட்டாரில், பின்னால் ஒருவர் உட்கார்ந்து மூடிய கூண்டை மடியில் பிடித்துக்கொண்டால் பரவாயில்லை. திரும்பும்போது வேண்டாம். முழுசாகத் தெளியாத நாய்க்குச் சூடு ஏற்கெனவே இறங்கியிருக்கும், காற்றடித்தால் இன்னும் இறங்கும். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ஒவ்வொரு குழியும் வயிற்றில்தான் விழும். தோட்டத்தில் கார் வைத்திருப்பவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ராத்திரி அவசரமென்றால் யார் வண்டி எடுப்பார் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். எந்தக் கிளினிக் ராத்திரியில் திறந்திருக்கும் என்று கேட்டு எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் வாரத்தில் நாள் விழுந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கிளினிக் மூடியிருக்கும், பட்டாசுக்கு நாய் மிரண்டு பாயும்.

தாமான் வீட்டுக்காரி

கோன் பற்றி நான் சொல்றேன். கிளினிக்கில் கொடுக்கிற கோனை மாட்டிப் பார்த்துத்தான் வாங்கணும். கோனோட விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். பொமரேனியனுக்கு முடி அடர்த்தி, முடிக்கு மேல இறுக்கமா தெரியும், உள்ளே லூசா இருக்கும், முன்னங்காலால தள்ளிக் கழட்டிடும். அதனால மார்புப் பட்டையோட சேர்த்துக் கட்டிடுங்க.

கோன் போட்டுக்கிட்டு ஆழமான கிண்ணத்துல தண்ணி குடிக்க முடியாது. தட்டையான தட்டைச் சின்ன ஸ்டூல் மேல வையுங்க. ரெண்டு நாள் முன்னாடியே மாட்டிப் பழக்கினா அன்னைக்குக் கலாட்டா பண்ணாது.

பிள்ளைங்க சட்டை போட்டு மூடினா போதும்னு சிலர் சொல்லுவாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். துணி ஈரம், மூத்திரம் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், காயம் ஊறிப்போகும். போட்டா ரெண்டு சட்டை வேணும். நனைஞ்சா உடனே மாத்தணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கழட்டிக் காயத்தைக் காத்தாட விடணும். துணிக்கு மேலேயே நக்கித் தையலை அவிழ்க்கிற நாயும் உண்டு. ஆள் பக்கத்துல இருக்கிற நேரம் சட்டை, பாட்டி தூங்குற நேரமும் ராத்திரியும் கோன். "கண்ணு கலங்குது, பாவம்"னு பாட்டி கழட்டிவிட்டுடுவாங்க, அதை இப்போவே சொல்லி வெச்சிடுங்க. தையல் அவிழ அஞ்சு நிமிஷம் போதும்.

சிமெண்டுத் தரை, டைல்ஸ் வழுக்கும். ரப்பர் பாயோ பழைய யோகா பாயோ விரிச்சிடுங்க. சோபா, கட்டில் பக்கம் விடாதீங்க.

மழைக்காலப்பூ

முதல் ராத்திரி பற்றி. இதுதான் அதிகம் கவனிக்க வேண்டிய நேரம்.

வீட்டுக்கு வந்ததும் தள்ளாடும், முனகும், வெறித்துப் பார்க்கும். மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து செய்கிற வேலை அது. மறுநாள் காலைக்குள் போய்விடும். தொண்டையில் டியூப் போட்டதால் ஒன்றிரண்டு நாள் லேசாக இருமும். மின்விசிறிக்கு நேரே படுக்க வைக்காதீர்கள். காய்ந்த துண்டைப் போர்த்திவிடுங்கள். சுடுதண்ணீர் பாட்டில் வைத்தால் துணியில் நன்றாகச் சுற்றி, பக்கத்தில் மட்டும் வையுங்கள். அசைய முடியாத நாய் சூட்டிலிருந்து விலகிப் போகத் தெரியாமல் வெந்துவிடும்.

மருந்தகத்தில் விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர். 38.3 முதல் 39.2 வரை இயல்பு. வீட்டுக்கு வந்தபோது 37.5க்குக் கீழே இருந்து, போர்த்தியும் ஒரு மணி நேரத்தில் ஏறவில்லையென்றால் போன் செய்யுங்கள். அடுத்த நாள்களில் 39.5ஐத் தாண்டினாலும் அப்படித்தான்.

இதைவிட முக்கியம் ஈறு. ஆபரேஷனுக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் ஈறைப் படம் பிடித்து வையுங்கள், ஒப்பிட அது உதவும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஈறு வெள்ளையாகிவிட்டது, வயிறு உப்புகிறது, எழுப்பினால் எழவில்லை, தூங்கும்போதே மூச்சு வேகமாக ஓடுகிறது என்றால் உள்ளே கட்டு நழுவி ரத்தம் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காயம் காய்ந்து அழகாகத்தான் இருக்கும், அதை நம்பி விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே வண்டியை எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நன்றாக நிற்க முடிந்த பிறகு, வழக்கமான சாப்பாட்டில் கால்வாசி. வாந்தி இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கால்வாசி. குழைந்த சோறு, வெந்த கோழிச் சதை. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல்; சாம்பாரில் பிசைந்த சோறு வேண்டாம். தெம்புக்கு என்று மைலோ கரைத்துக் கொடுப்பார்கள், அதில் கொக்கோ இருக்கிறது. 100பிளஸும் வேண்டாம். மறுநாள் இரவு வரை எதையும் தொடவில்லையென்றால் போன் செய்யுங்கள். மலம் இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பது சகஜம், வயிறு காலியாக இருந்ததல்லவா. மூத்திரம் அப்படியல்ல, 24 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும்.

பால்மரம்

காயத்துக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசினால் சீக்கிரம் ஆறும். காமாட் (கடலட்டை) எண்ணெயும் நல்லது. மனிதனுக்கே அதைத்தானே பூசுகிறோம்.

தாமான் வீட்டுக்காரி

ஐயா, திறந்த புண்ணுக்கு நீங்க சொல்றது வேற. இது தைச்சு மூடின காயம், காய்ஞ்சு இருக்கணும். எண்ணெய் பட்டா தோல் ஊறி விளிம்பு பிரியும், வாசனைக்கு நாய் இன்னும் நக்கும், தூசி ஒட்டும். மஞ்சள் பூசினா அதோட நிறத்துல சிவப்பும் தெரியாது, சீழும் தெரியாது. மருந்தகத்து மஞ்சள் மருந்தும் அதே மாதிரிதான். டெட்டால், ஸ்பிரிட் எரியும். டாக்டர் கொடுத்தது தவிர ஒண்ணும் வேண்டாம். அழுக்குப் பட்டா சலைன் தண்ணியில பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. குளியல் 14 நாளுக்குக் கிடையாது.

ஈ விஷயத்தை யாரும் சொல்லலை. தோட்டத்துல மாடு, கோழி, குப்பைக் குழி இருக்கும். ரத்த வாடைக்கு ஈ வந்து முட்டை வெச்சா ஒரே நாள்ல புழு வரும். பகல்லேயும் கொசுவலைக்குள்ள வெச்சிருங்க. மூத்திரம் போக வெளியே கூட்டிப் போனா கயிறோட அஞ்சு நிமிஷம், மழை பெய்து நனைஞ்ச புல்லுல இல்லாம. மிச்சச் சோத்தைக் கூண்டுக்குள்ள விட்டா எறும்பு வரும். காயத்துல அரிசி மாதிரி ஏதாவது தெரிஞ்சா வீட்டுலேயே மருந்து ஊத்தாம நேரா கிளினிக்.

நாலுகால் துணை

வலி மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் மெலோக்சிகம் சிரப் கொடுப்பார்கள். அளவு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம், அதாவது உங்கள் நாய்க்கு 0.4 மில்லிகிராம். இந்தச் சிரப் இரண்டு வீரியத்தில் வருகிறது. மில்லிக்கு 1.5 மில்லிகிராம் உள்ளதில் 0.27 மில்லி போதும். மில்லிக்கு 0.5 உள்ளதில் 0.8 மில்லி வேண்டும். பாட்டிலை மாற்றிக்கொண்டு வீரியம் கூடியதில் 0.8 எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். லேபிளைப் படித்து, அந்தப் பாட்டிலோடு வந்த சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். முதல் டோஸ் ஊசியாகக் கிளினிக்கிலேயே போட்டிருப்பார்கள். வீட்டில் தொடங்குவது 24 மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகு. வாந்தி, கறுப்பு மலம், சாப்பாட்டில் வெறுப்பு என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தோல் அரிப்புக்கு ஏற்கெனவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாய் என்றால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இரண்டும் சேரக் கூடாது.

வீட்டில் இருக்கிற பனடோல், பொன்ஸ்டான், வோல்டரன், புரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். அரை மாத்திரைகூட 4 கிலோ உடம்புக்கு அதிகம்.

செம்பனை நிழல்

ஆபரேஷன் முடிந்து இன்று ஐந்தாம் நாள். பிளேட்லெட் 262,000, உண்ணி டெஸ்ட் நெகட்டிவ், உறைவு நேரமும் சரி. பால்பல் இரண்டையும் அன்றே எடுத்தார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் இன்று காலை தையலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். சிவப்பு இல்லை, தொட்டால் கத்தவில்லை. சூடு 38.8. நேற்று மாலை இரண்டு தடவை கட்டிலில் ஏறிக் குதித்தது.

மழைக்காலப்பூ

தம்பி, குதித்ததோடு சேர்த்துப் பார்த்தால் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். தோலுக்கும் தசைக்கும் நடுவே உரசல் ஏற்பட்டால் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் இப்படித் திரளும், அடைத்து வைத்தால் தானாகவே வற்றும். ஊசி குத்தி எடுக்க வேண்டாம், கிருமி உள்ளே போகும். ஆனால் குடல் பிதுக்கமும் இதே மாதிரி மெத்தென்றுதான் இருக்கும், கையால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள். படம் பிடித்து இன்றே கிளினிக்குக்கு அனுப்பி, நாளைக்குள் நேரில் காட்டிவிடுங்கள். வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டால் வளர்கிறதா என்று தெரியும்.

பெரிதாகிறது, சூடாகிறது, வாந்தி வருகிறது என்றால் இன்றைக்கே போக வேண்டும். தையல் பிரிந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, வயிற்றைச் சுற்றி லேசாகக் கட்டி, கோனோடு தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கட்டில் இருக்கும் அறையைச் சாத்திவிடுங்கள். ஐந்தாம் நாள்தான் நாய் தேறிவிட்டது என்று நினைத்து ஆடும் நாள். உள்தையல் இன்னும் பிடித்திருக்காது.

செம்பனை நிழல்

நேரில் காட்டியாச்சு அக்கா. நீர்தான், தசை பிடிப்பாக இருக்கிறது என்றார். கூண்டிலேயே வைக்கச் சொன்னார். பதின்மூன்றாம் நாள் தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்.

ரப்பர்க்காடு

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் மூன்று மாதப் பெண் குட்டி, வளர்ந்தால் 6 கிலோ வரும். முதல் ஹீட்டுக்கு முன்பே செய்வதா, பிறகா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மழைக்காலப்பூ

முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் முலைப் புற்றுநோய். 1969இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் அந்த ஆபத்து செய்யாத நாயோடு ஒப்பிட்டால் 0.5 விழுக்காடுதான், ஒரு ஹீட்டுக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26 என்று சொன்னது. இன்றைக்கும் எல்லாரும் சொல்வது அந்தக் கணக்கைத்தான். 2012இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்றார்கள். தள்ளிப் போடச் சொல்வதற்குக் காரணம் எலும்பும் மூட்டும், அது முக்கியமாகப் பெரிய இன நாய்களுக்கு. 6 கிலோ நாய்க்கு அந்தக் கவலை குறைவு. ஆறு மாதத்தை ஒட்டிச் செய்வது நல்லது என்பது என் கருத்து. தோட்டத்தில் முதல் ஹீட்டிலேயே ஆண் நாய்கள் வேலியைத் தாண்டி வந்துவிடும், பெரிய நாயோடு சேர்ந்தால் பிரசவமே ஆபத்து. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு ஹீட்டோடும் கூடவே வரும்.

செம்பனை நிழல்

தையல் பிரித்தாச்சு. வீக்கம் வற்றிவிட்டது. கோட்டின் ஒரு முனையில் மட்டும் பட்டாணி அளவு கெட்டியாக இருக்கிறது. இனி குளிப்பாட்டலாமா? சாப்பாடு பழையபடியா?

மழைக்காலப்பூ

அந்தக் கெட்டி உள்தையலின் முடிச்சு, கரைய சில வாரம் ஆகும். சிவந்து கசிந்தால் மட்டும் காட்டுங்கள். பிரித்த ஓட்டைகள் மூட இரண்டு நாள் விட்டுக் குளிப்பாட்டுங்கள். ஓட்டம், படி ஏறுவது எல்லாம் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

சாப்பாட்டை இப்போதிலிருந்து கால்வாசி குறையுங்கள். கருவகம் போன பிறகு உடம்புக்குத் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. 4 கிலோ நாய்க்கு 300 கிராம் கூடினாலே அதிகம். பொமரேனியனின் முழங்கால் சில்லும் மூச்சுக்குழாயும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

நாலுகால் துணை

சில மாதம் கழித்து மறுபடி ஹீட் மாதிரி வீக்கமோ ரத்தமோ தெரிந்து, ஆண் நாய்கள் வாசலில் வந்து நின்றால், கருவகத்தின் சின்னத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். அந்த அறிகுறி இருக்கும் நாள்களிலேயே கூட்டிப் போங்கள், அப்போதுதான் ஹார்மோன் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரியும். ஆபரேஷன் ரசீதையும் ரத்த ரிப்போர்ட்டையும் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். உண்ணி மருந்து தேதி தவறாமல் போகட்டும்.